வருவாய் தராத விளையாட்டு: அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் லக்ரோஸ் ஆட்டத்தின் பொருளியல் வரலாறு

1

ஐக்கிய அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் விளையாட்டுத் துறைகள் தயாரிக்கும் வரவு செலவுக் கணக்குகளில் இரு பகுப்புக்கள் நெடுங்காலமாக வழங்கிவருகின்றன. ஒன்று, வருவாய் தரும் விளையாட்டுக்கள். மற்றையது, வருவாய் தராத விளையாட்டுக்கள். பந்தைக் கையில் ஏந்தி ஓடும் அமெரிக்க உதைபந்தாட்டமும் ஆடவர் கூடைப்பந்தாட்டமும் முதலாவது பகுப்பினுள் அடங்குவன. லக்ரோஸ், படகோட்டம், மல்யுத்தம், நீச்சல், வாட்போர் முதலிய ஏனைய யாவும் பெரும்பாலும் இரண்டாவது பகுப்பினுள் வைத்தே எண்ணப்படுகின்றன.

2025 ஆம் ஆண்டு ஜூன் மாதம் 6 ஆந் திகதி, கலிபோர்ணியாவிலுள்ள சமஷ்டி நீதிமன்றத்தின் நீதிபதி குளோடியா வில்கன், 'ஹவுஸ்' வழக்கு எனப்படும் வழக்கின் இணக்கத் தீர்வுக்கு ஒப்புதல் அளித்தார். முன்னைய ஆண்டுகளில் ஊதியமின்றி ஆடியோருக்கு ஏறத்தாழ 280 கோடி டொலர் நட்டஈடு பத்தாண்டுக் காலத்திற் பகிர்ந்தளிக்கப்படும் என்பது அதன் ஒரு கூறு. பல்கலைக்கழகங்கள் தம் வீரர்களுக்கு இனி நேரடியாகவே பணம் வழங்கலாம் என்பது மற்றொரு கூறு. 2025-26 கல்வியாண்டில் பல்கலைக்கழகமொன்று இவ்வாறு வழங்கக்கூடிய உச்சத்தொகை ஏறத்தாழ 2 கோடியே 5 இலட்சம் டொலராகும். இத்தொகையின் மிகப் பெரும் பகுதி வருவாய் தரும் இரு விளையாட்டுக்களையுமே சென்றடையும் என்பதில் எவருக்கும் ஐயமில்லை. எனவே, இதுகாறும் அவ்வருவாயின் எச்சத்தில் வாழ்ந்துவந்த லக்ரோஸ் போன்ற ஆட்டங்களின் கதி யாது என்னும் வினா எழுந்துள்ளது.

இவ்வினாவைக் கணக்காளரின் வினாவாக மாத்திரம் கொள்ளுதல் போதாது என்பதே எமது கருத்து. ஓர் ஆட்டம் வருவாய் தராதது என்பது அவ்வாட்டத்தின் இயல்பன்று. அது வரலாற்றில் உருவாக்கப்பட்ட ஒரு நிலை. யாருடைய உழைப்பு எந்த ஏட்டில் வரவாகப் பதியப்பட்டது, யாருடைய பணம் எந்த ஏட்டிற் பதியப்படாது விடப்பட்டது என்பவற்றை நோக்கினாலன்றி இவ்வாட்டங்களின் எதிர்காலத்தை விளங்கிக்கொள்ளல் இயலாது. இக்கட்டுரையில் லக்ரோஸைச் சிறப்பு உதாரணமாகக் கொண்டு இதனை ஆராய்வோம்.

2

அமெரிக்கக் கல்லூரிகளுக்கிடையே நிகழ்ந்த முதலாவது விளையாட்டுப் போட்டி உதைபந்தாட்டமன்று, படகோட்டமாகும். 1852 ஆம் ஆண்டு ஆகஸ்ட் 3 ஆந் திகதி நியூ ஹம்ஷயர் மாநிலத்து வினிப்பெசோக்கி ஏரியில் ஹார்வாட், யேல் ஆகிய இரு கல்லூரிகளின் மாணவரும் போட்டியிட்டனர். இப்போட்டிக்கு மாணவரை அழைத்து அவர்தம் செலவை ஏற்றுக்கொண்டது அப்பகுதியிற் புகையிரதப் பாதை நடத்திய கம்பனியாகும். பார்வையாளர் திரள்வர், அவர்கள் பயணச்சீட்டு வாங்குவர் என்பதே அக்கம்பனியின் கணக்கு. இன்று வருவாய் தராத விளையாட்டுக்களின் வரிசையில் முன்னிற்கும் படகோட்டமே அன்று வருவாய்க்காக ஒழுங்குசெய்யப்பட்ட முதல் விளையாட்டாக இருந்தது என்பது ஈண்டு மனங்கொள்ளத்தக்கது. கல்லூரி விளையாட்டு முதலிற் கல்வியாகத் தூய்மையுடன் தோன்றிப் பின்னர் வணிகத்தால் மாசுற்றது என்னும் பரவலான கதை வரலாற்றோடு பொருந்துவதன்று.

1869 நவம்பர் 6 ஆந் திகதி றட்கேஸ், பிரின்ஸ்ரன் கல்லூரிகள் உதைபந்தாட்டத்திற் சந்தித்தன. அந்நூற்றாண்டின் இறுதியில் நியூயோர்க் நகரில் நிகழ்ந்த பெரும் ஆட்டங்களுக்குப் பல்லாயிரவர் கட்டணஞ் செலுத்தி வந்தனர். 1903 இல் ஹார்வாட் கொங்கிறீற்றாலான அரங்கொன்றை எழுப்பியது. 1914 இல் யேல் ஏறத்தாழ எழுபதினாயிரம் பேர் அமரத்தக்க அரங்கை அமைத்தது. சுற்றிவர வேலியிட்டு, வாயிலில் நின்று பணம் அறவிடத்தக்க ஆட்டமே வருவாய் தரும் ஆட்டமாயிற்று. நீண்ட ஆற்றங்கரையில் எவரும் நின்று பார்க்கக்கூடிய படகோட்டம் அத்தகுதியை இழந்தது. ஆட்டத்தின் சிறப்பல்ல, வேலியே இங்கு தீர்க்கமானதாயிற்று.

3

லக்ரோஸின் வரலாறு இதனினும் பழையது. வட அமெரிக்கச் சுதேச மக்கள் பலரிடையே, குறிப்பாக ஹோடெனோஷோனி எனத் தம்மை அழைத்துக்கொள்ளும் இறொக்குவா கூட்டமைப்பினரிடையே, வலை கட்டிய கோலாற் பந்தை ஏந்தி எறியும் இவ்வாட்டம் வழங்கிவந்தது. மோஹோக், ஒனைடா, ஒனொண்டாகா, கயூகா, செனெக்கா, டஸ்கரோரா ஆகிய ஆறு இனத்தவரும் இக்கூட்டமைப்பினர் ஆவர். அவர்கள் அதனைப் படைத்தோன் தந்த ஆட்டமெனவும், நோய் தீர்க்கும் ஆட்டமெனவும் போற்றினர். நோயுற்றோர் ஒருவருக்காகவோ, சமூகம் முழுவதற்குமாகவோ அது ஆடப்பட்டது.

மொன்றியல் நகரைச் சேர்ந்த பல் வைத்தியரான வில்லியம் ஜோர்ஜ் பியர்ஸ் 1860 களில் இவ்வாட்டத்திற்கு எழுத்துவடிவிலான விதிகளை வகுத்தார். 1876 இல் மொன்றியல் கனவான்களின் குழுவொன்றும், ககனவாகே என்னும் மோஹோக் குடியிருப்பைச் சேர்ந்த குழுவொன்றும் பிரித்தானியாவுக்குச் சென்று ஆடின. விக்டோரியா இராணியும் வின்ட்சரில் அவ்வாட்டத்தைப் பார்வையிட்டார். சுதேச வீரர்களைக் காண மக்கள் பணங் கொடுத்தனர்; ஆயின் நான்காண்டுகளின் பின், 1880 இல், கனடாவின் லக்ரோஸ் சங்கம் தன்னை அமெச்சூர் சங்கமாக அறிவித்து, ஆட்டத்திற்குப் பணம் பெறுவோரை விலக்கியது. பயணச் செலவுக்கேனும் பணம் பெற்றாலன்றி ஆட இயலாத சுதேச மக்கள், தாம் உலகுக்களித்த ஆட்டத்தின் போட்டிகளிலிருந்தே இவ்விதியால் வெளியேற்றப்பட்டனர்.

அமெச்சூர் என்னும் கோட்பாட்டின் வர்க்க இயல்பை இச்சம்பவம் தெளிவாகக் காட்டுகிறது. அக்காலத்தில் இங்கிலாந்தின் ஹென்லிப் படகோட்டப் போட்டி நிருவாகமும் உடலுழைப்பால் வாழும் தொழிலாளரை அமெச்சூர் என்னும் வரையறையிலிருந்து வெளிப்படையாகவே நீக்கியிருந்தது. பணத்தை விரும்பாமை என்னும் அறத்தைப் பணம் உடையோரே எளிதிற் கடைப்பிடிக்கலாம். இவ்வாறு வடிகட்டப்பட்ட நிலையிலேயே லக்ரோஸ் அமெரிக்கக் கல்லூரிகளினுள் வேரூன்றியது. 1877 இல் நியூயோர்க் பல்கலைக்கழகமும் மன்ஹாற்றன் கல்லூரியும் ஆடிய ஆட்டமே அங்கு கல்லூரிகளுக்கிடையிலான முதலாவது லக்ரோஸ் ஆட்டமெனக் கொள்ளப்படுகிறது. பின்னர் அது கிழக்குக் கரையோரத்துப் பழைய கல்லூரிகளிலும், அவற்றுக்கு மாணவரை அனுப்பும் தனியார் பாடசாலைகளிலும் நிலைபெற்றது.

4

1905 ஆம் ஆண்டு உதைபந்தாட்டத்தில் இளைஞர் பலர் உயிரிழந்தமையைத் தொடர்ந்து, ஜனாதிபதி தியோடர் றூஸ்வெல்ற் ஹார்வாட், யேல், பிரின்ஸ்ரன் ஆகியவற்றின் பிரதிநிதிகளை வெள்ளை மாளிகைக்கு அழைத்தார். 1906 இல் தோன்றிய கல்லூரிகளின் கூட்டமைப்பு 1910 இல் தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கம் எனப் பெயர் மாற்றம் பெற்றது. உயிர்காக்கும் நோக்குடன் தோன்றிய இச்சங்கம் காலப்போக்கிற் சந்தையை ஆளும் நிறுவனமாக வளர்ந்தது. 1951 முதல் 1987 வரை அதன் நிருவாகத் தலைவராக விளங்கிய வோல்ரர் பையேர்ஸ் காலத்தில் இம்மாற்றம் நிறைவெய்தியது. 1950 களில் தொலைக்காட்சி ஒளிபரப்புரிமையைச் சங்கம் தன்வசப்படுத்தியது. 1956 இல் விளையாட்டுத் திறனுக்காகவே புலமைப்பரிசில் வழங்க அனுமதித்தது.

'மாணவ வீரர்' என்னும் சொற்றொடர் வழக்கிற்கு வந்ததும் இக்காலத்திலேயே. 1955 இல் கொலராடோ மாநிலக் கல்லூரியொன்றின் வீரர் உதைபந்தாட்டத்திற் காயமுற்று இறந்தார். அவருடைய மனைவி தொழிலாளர் நட்டஈடு கோரினார். கல்லூரி உதைபந்தாட்டத்தை வியாபாரமாக நடத்தவில்லை எனக் கூறி 1957 இல் அம்மாநில உயர் நீதிமன்றம் அக்கோரிக்கையை மறுத்தது. வீரர் மாணவராக இருக்கும்வரை ஊதியமில்லை, நட்டஈடுமில்லை. இச்சொற்றொடரின் பொருளாதாரப் பெறுமதி பெரிதாகும். பையேர்ஸ் தாமே 1995 இல் வெளியிட்ட நூலில் இவ்வமைப்பைக் கடுமையாகக் கண்டித்தார்.

மாற்று வழி அறவே இருக்கவில்லை என்பதற்கில்லை. சிக்காகோப் பல்கலைக்கழகம், றொபேட் ஹச்சின்ஸ் தலைமையில், 1939 இறுதியில் உதைபந்தாட்டத்தையே கைவிட்டது. ஆளற்றுப்போன அவ்வரங்கின் பார்வையாளர் மேடையின் கீழிருந்த பந்தாட்டக் கூடமொன்றிலேதான் 1942 டிசெம்பர் 2 ஆந் திகதி உலகின் முதலாவது கட்டுப்படுத்தப்பட்ட அணுத் தொடர்தாக்கம் நிகழ்த்தப்பட்டது. அவ்வாய்வின் பயன் உலகுக்கு நன்மையா தீமையா என்பது வேறு வினா; உதைபந்தாட்டமின்றியும் பல்கலைக்கழகம் பல்கலைக்கழகமாக நிலைத்தது என்பதே ஈண்டு நாம் கொள்ளவேண்டியது.

ஏனைய நிறுவனங்கள் அவ்வழியை நாடவில்லை. 1984 இல் ஒக்லஹோமாப் பல்கலைக்கழக ஆளுநர் சபை தொடுத்த வழக்கில், சங்கத்தின் தொலைக்காட்சித் தனியுரிமை போட்டிச் சட்டத்திற்கு முரணானதென ஐக்கிய அமெரிக்க உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இத்தீர்ப்பினின்றும் மாறுபட்ட இருவருள் ஒருவரான நீதியரசர் பைறன் வைற், கல்லூரிக் காலத்திற் புகழ்பெற்ற உதைபந்தாட்ட வீரர். கல்லூரி விளையாட்டைக் கல்வியிலிருந்து பிரித்து வெறும் வணிகமாக நோக்குதல் தவறென அவர் வாதிட்டார். அவர் அஞ்சியது நிகழ்ந்தது. ஒளிபரப்பு வருவாய் பெருகியது. பயிற்றுநர் ஊதியம் அதனோடு ஏறியது. இன்று பெரும்பாலான மாநிலங்களில் மிகக் கூடிய சம்பளம் பெறும் அரசாங்க ஊழியர் பல்கலைக்கழக விளையாட்டுப் பயிற்றுநர் ஒருவரே. ஆடுவோருக்கு ஊதியம் தடுக்கப்பட்டிருந்தமையால் உபரி அனைத்தும் பயிற்றுநருக்கும் கட்டடங்களுக்கும் சென்றது. ஒரு பகுதி மட்டுமே ஏனைய விளையாட்டுக்களுக்கு வழிந்தது.

அப்பகுதியின் சமூக இயல்பையும் மறைத்தற்கில்லை. வருவாய் ஈட்டிய இரு ஆட்டங்களிலும் கறுப்பின இளைஞரின் பங்கு மிகப் பெரிது. அவ்வருவாயாற் பேணப்பட்ட லக்ரோஸ், படகோட்டம் முதலியவற்றை ஆடியோரோ பெரும்பாலும் வசதிபடைத்த வெள்ளையினக் குடும்பங்களின் பிள்ளைகள். கறுப்பின மக்கள் லக்ரோஸில் ஆர்வமற்றவர் என்பதன்று இதன் பொருள். உதைபந்தாட்டத்திற் பெரும்புகழ் எய்திய ஜிம் பிறவுண் 1957 இல் சிரக்கியூஸ் பல்கலைக்கழகத்தின் தலைசிறந்த லக்ரோஸ் வீரராகவும் விளங்கினார். பால்ரிமோரிலுள்ள கறுப்பினப் பல்கலைக்கழகமான மோர்கன் ஸ்ரேற் 1970 இல் லக்ரோஸ் குழுவொன்றை அமைத்தது. 1975 இல் அக்குழு அக்காலத்தின் முன்னணிக் குழுவான வாஷிங்ரன் அன்ட் லீயைத் தோற்கடித்தது. ஆயின் 1981 உடன் அக்குழு மறைந்தது. கறுப்பினப் பல்கலைக்கழகமொன்று முதற் பிரிவில் மீண்டும் லக்ரோஸ் ஆட 2016 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

5

வருவாய் என்னும் அளவுகோல் அரசியற் போராட்டப் பொருளாக வெளிப்பட்ட காலம் 1970 களாகும். 1972 இல் நிறைவேறிய கல்வித் திருத்தச் சட்டத்தின் ஒன்பதாம் தலைப்பு, சமஷ்டி அரசின் நிதி பெறும் கல்வி நிறுவனங்களிற் பால் வேறுபாட்டைத் தடைசெய்தது. 1974 இல் செனற்றர் ஜோன் ரவர், வருவாய் தரும் விளையாட்டுக்களை அச்சட்டத்தினின்றும் விலக்கும் திருத்தமொன்றை முன்வைத்தார். அது நிலைக்கவில்லை. சட்டத்தின் நோக்கில், பெண்களின் சமவாய்ப்பு வாயிலில் வசூலாகும் பணத்தைப் பொறுத்ததன்று என்பது இதனால் உறுதியாயிற்று.

இதன் விளைவுகள் இருவகைப்பட்டன. ஒருபுறம் பெண்களுக்கான லக்ரோஸ், படகோட்டம் முதலியவை பெருவளர்ச்சி கண்டன. ஆடவர் லக்ரோஸ் தேசியப் போட்டியைச் சங்கம் 1971 இல் தொடங்கியிருந்தது. பெண்களுக்கான போட்டி 1982 இல் தொடங்கியது. மறுபுறம், பெண்கள் விளையாட்டைப் பெண்களே கல்வி நோக்குடன் நிருவகித்துவந்த தனிச் சங்கம், தேசியச் சங்கத்தின் பணபலத்தின் முன் நிற்கவியலாது மறைந்தது. ஆடவரின் மல்யுத்தம் முதலியவை பல நிறுவனங்களிற் கைவிடப்பட்டபோது பழி பெண்கள்மீது சுமத்தப்பட்டது. உதைபந்தாட்டக் குழுவொன்றுக்கு 85 முழுப் புலமைப்பரிசில்களும், ஆடவர் லக்ரோஸ் குழுவொன்றுக்கு 12.6 உம் உச்ச எல்லையாக இருந்த ஒழுங்கைப் பழி கூறியோர் பெரும்பாலும் வினவவில்லை.

6

இவ்வமைப்பின் அடித்தளம் நீதிமன்றங்களிலேயே தகர்ந்தது. 2021 ஜூன் 21 ஆந் திகதி அல்ஸ்ரன் வழக்கில், கல்விசார்ந்த நன்மைகளுக்குச் சங்கம் விதித்த எல்லைகள் செல்லாவென உயர் நீதிமன்ற நீதியரசர் ஒன்பதின்மரும் ஒருமுகமாகத் தீர்ப்பளித்தனர். அதே ஆண்டு ஜூலை முதலாந் திகதி தொடக்கம் வீரர்கள் தம் பெயரையும் உருவத்தையும் விளம்பரத்திற்கு விற்று வருவாய் பெற அனுமதிக்கப்பட்டனர். 2025 இன் இணக்கத் தீர்வு இவற்றின் தொடர்ச்சியே. உழைத்தோருக்குக் கூலி கிடைத்தல் நீதியென்பதில் முற்போக்குச் சிந்தனையுடைய எவரும் ஐயுறார். எனவே லக்ரோஸைக் காப்பதற்காகப் பழைய அநீதியை மீட்க வேண்டுமெனக் கோருதல் ஏற்புடையதன்று.

அவ்வாறாயின் லக்ரோஸுக்கான பணம் இனி எங்கிருந்து வரும்? இணக்கத் தீர்வு புலமைப்பரிசில் எல்லையை நீக்கி ஆட்தொகை எல்லையை விதித்துள்ளது: ஆடவர் லக்ரோஸ் குழுவில் 48 பேர், பெண்கள் குழுவில் 38 பேர். அந்நாற்பத்தெண்மருக்கும் முழுப் புலமைப்பரிசில் வழங்கச் சட்டத்தில் இனித் தடையில்லை, நிதியே தடையாகும். வீரர்க்கு வழங்கும் பணத்தை விளையாட்டுத் துறை தன் வரவிலிருந்தே தேடவேண்டியிருக்க, முதற் பிரிவைச் சேர்ந்த பெரும்பாலான நிறுவனங்களின் விளையாட்டுத் துறைகள் தம் செலவைத் தாமே ஈடுசெய்வதுமில்லை. பல்கலைக்கழகப் பொதுநிதியும் மாணவர் கட்டணமுமே இடைவெளியை நிரப்புகின்றன.

முதலாவது வழி கொடையாகும். கலிபோர்ணியாப் பல்கலைக்கழகத்தின் பேர்க்லி வளாகம் 2010 இற் பெண்கள் லக்ரோஸ் உட்பட ஐந்து குழுக்களின் தகுதியை நீக்கவோ குறைக்கவோ முடிவு செய்தது. பழைய மாணவரும் பெற்றோரும் பெருந்தொகை திரட்டியதால் அடுத்த ஆண்டில் அவை மீட்கப்பட்டன. ஸ்ரான்போட் 2020 ஜூலையில் 11 விளையாட்டுக்களை நிறுத்துவதாக அறிவித்து, எதிர்ப்பும் வழக்கும் எழுந்தபின் 2021 மே மாதம் அம்முடிவைக் கைவிட்டது. உலகின் பெருஞ்செல்வப் பல்கலைக்கழகங்களில் ஒன்றே இவ்விளையாட்டுக்களைத் தாங்கவியலாதெனக் கூறியமை, பிரச்சினை பணப் பற்றாக்குறை மாத்திரமன்று, முன்னுரிமை பற்றியதும் ஆகும் என்பதைப் புலப்படுத்துகிறது. கொடையால் வாழும் குழு, கொடையாளரின் பிள்ளைகளுக்கும் பாடசாலைகளுக்கும் உரியதாகவே நாளடைவில் மாறும்.

இரண்டாவது வழி கல்விக்கட்டணம். இது பெரும்பாலும் கவனிக்கப்படாத ஒன்றாதலின் சற்று விரித்து நோக்குவோம். அமெரிக்க லக்ரோஸ் குழுக்களுட் பெரும்பாலானவை விளையாட்டுப் புலமைப்பரிசில் வழங்காத மூன்றாம் பிரிவுக் கல்லூரிகளிலேயே உள்ளன. மாணவர் தொகை குறைவதால் இடர்ப்படும் சிறு தனியார் கல்லூரியொன்று நாற்பது பேர் கொண்ட லக்ரோஸ் குழுவை ஏன் புதிதாகத் தொடங்குகிறது? அக்குழு இன்றேல் அக்கல்லூரிக்கு வந்திராத நாற்பது மாணவர் கட்டணஞ் செலுத்திச் சேர்கின்றனர் என்பதாலேயே. பயிற்றுநர் இங்கு மாணவர் சேர்ப்பு உத்தியோகத்தராகவும் பணிபுரிகிறார். முதற் பிரிவிலும் 12.6 புலமைப்பரிசில்களை நாற்பதுக்கு மேற்பட்டோர் பகிர்ந்தபோது எஞ்சிய கட்டணத்தைப் பெற்றோர் செலுத்தினர். ஆயின் இப்பணம் பல்கலைக்கழகத்தின் பொது ஏட்டில் வரவாகிறது. கோல், பயணம், பயிற்றுநர் சம்பளம் ஆகியவை விளையாட்டுத் துறையின் ஏட்டிற் செலவாகின்றன. வருவாய் தராத விளையாட்டு என்னும் பெயர் இவ்விரு ஏடுகளுக்கிடையே தோன்றுவதாகும். லக்ரோஸ் வருவாய் தராததன்று. பார்ப்போரிடமன்றி ஆடுவோரிடம் பணம் பெறும் ஆட்டம் அது.

இவ்வுண்மை லக்ரோஸுக்கு ஆறுதலாகலாம், சமூகத்திற்கு அன்று. கட்டணஞ் செலுத்தவல்ல குடும்பத்தின் பிள்ளையே கல்லூரிக்கு இலாபமான வீரர். இத்தகைய வீரரை உருவாக்கும் தனியார் கழகங்களும் கோடைகாலப் பயிற்சி முகாம்களும் பெற்றோரின் செலவிலேயே நடைபெறுகின்றன. 1880 இல் விதியால் நிகழ்ந்த விலக்கு இன்று விலையால் நிகழ்கிறது.

அரசு தலையிடாமலில்லை. 2025 ஜூலை 24 ஆந் திகதி ஜனாதிபதி றம்ப் பிறப்பித்த நிருவாக ஆணை, ஆண்டுக்கு 12.5 கோடி டொலருக்கு மேல் வருவாயுள்ள விளையாட்டுத் துறைகள் வருவாய் தராத விளையாட்டுக்களுக்கான புலமைப்பரிசில் வாய்ப்புக்களை அதிகரிக்கவேண்டுமெனக் கூறிற்று. ஆயின் அதற்கென நிதி எதனையும் அது ஒதுக்கவில்லை. மறுபுறம், ஒளிபரப்பு வருவாயை நாடிய கூட்டுக்களின் மாற்றத்தால், பசிபிக் கரையிலுள்ள ஸ்ரான்போட்டும் பேர்க்லியும் 2024 இல் அத்திலாந்திக் கரைக் கூட்டமைப்பிற் சேர்ந்தன. உதைபந்தாட்டத்தின் பொருட்டு வரையப்பட்ட இப்படத்தின்படி வருவாய் தராத விளையாட்டுக் குழுக்களும் கண்டத்தின் மறுகரைவரை சென்று ஆடவேண்டியுள்ளது. செலவுமிக்க ஆட்டங்கள் எனக் குற்றஞ்சாட்டப்படுவனவற்றின் செலவில் ஒரு பகுதி பிறரின் வருவாய்க்காக விளைந்தது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று தேவையில்லை.

7

2023 ஒக்டோபரில் லக்ரோஸ் 2028 ஆம் ஆண்டு லொஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக் விழாவில் ஆறுபேர் ஆடும் வடிவிற் சேர்க்கப்படுமென முடிவாயிற்று. 1904, 1908 ஆகிய ஆண்டுகளின் பின் பதக்கத்திற்குரிய ஆட்டமாக அது அங்கு மீள்வது இதுவே முதன்முறை. அமெரிக்க ஒலிம்பிக் வீரருட் பெரும்பாலோர் பல்கலைக்கழக விளையாட்டிலிருந்தே வருபவராதலின், பல நாடுகளில் அரசின் விளையாட்டு அமைச்சு சுமக்கும் பணியை அங்கு பல்கலைக்கழகங்களே சுமந்துவந்துள்ளன. இவ்வாட்டத்தை அளித்த ஹோடெனோஷோனி மக்களோ தம் சொந்தக் கொடியின் கீழ் ஒலிம்பிக்கில் ஆடும் உரிமையைக் கோர வேண்டியவராயினர். 1990 முதல் உலக லக்ரோஸ் போட்டிகளில் தனிக் குழுவாக ஆடிவரும் அவர்கள், தம் கடவுச்சீட்டைப் பிரித்தானிய அரசு ஏற்காமையால் 2010 இல் மான்செஸ்ரர் நகருக்குச் செல்ல இயலாது போயிற்று என்பதையும் நினைவிற் கொள்வோம்.

ஆயினும் வேறொரு நிகழ்வும் நம் கவனத்திற்குரியது. 2014 இல் அமெரிக்கக் கல்லூரி லக்ரோஸின் அதியுயர் விருதை முதன்முறையாகச் சுதேச வீரர் இருவர் பகிர்ந்து பெற்றனர். ஒனொண்டாகா இனத்தவரான லைல் தொம்சன், மைல்ஸ் தொம்சன் என்னும் அச்சகோதரர்கள் பயின்றது நியூயோர்க் மாநில அரசுப் பல்கலைக்கழகத்தின் அல்பனி வளாகத்திலாகும். அவ்விருதின் பெயரே மோஹோக் மொழியில் இவ்வாட்டத்தைக் குறிக்கும் சொல்லிலிருந்து பெறப்பட்டது. நூற்றாண்டுக்கு முன் அடைக்கப்பட்ட வாயில் ஒன்று பொதுப் பல்கலைக்கழகமொன்றில், கொஞ்சமேனும் திறந்தது.

இத்தகைய வாயில்கள் திறந்திருக்குமா என்பதே லக்ரோஸின் நிதி எதிர்காலம் பற்றிய விவாதத்தின் உட்பொருளாகும். ஆட்டம் அழிந்துவிடாது, செல்வக் கல்லூரிகளிற் கொடையாலும், சிறு கல்லூரிகளிற் கட்டணத்தாலும் அது வாழும். அழியக்கூடியது, பணமற்ற பிள்ளையும் அதனை ஆடலாம் என்னும் வாய்ப்பே. நூலகமும் ஆய்வுகூடமும் வருவாய் தருகின்றனவா என எவரும் வினவுவதில்லை. அவை கல்வியின் பகுதி என்பதால் அவற்றின் செலவு கல்விச் செலவாகவே எழுதப்படுகிறது. லக்ரோஸும் கல்வியின் பகுதியாயின் அதன் செலவும் அவ்வாறே எழுதப்படல் வேண்டும்; அதன் பயனும் அவ்வாறே யாவர்க்கும் பகிரப்படல் வேண்டும். பகுதியன்றாயின், கூலியின்றி உழைத்த பிறரின் வருவாயில் இத்துணைக் காலம் அதனைப் பேணியதற்குப் பல்கலைக்கழகங்கள் விடையிறுக்க வேண்டியவையாகும்.